தேயிலைக் கண்ணால் பார்த்த வயல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல, எல்லாரும் அதைச் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் சொல்ல மாட்டாரு, சொன்னா அதுக்கும் ஒரு பதில் வரும்னு அவருக்குத் தெரியும். இலங்கையில ஹாலிஎலப் பக்கத்து மலை அடிவாரத்துல எங்களுக்கு ஒரு வயல் கிடைச்சது அந்த வாயாலதான்.

எழுபதுகளோட நடுவுல, தோட்டத்துல பஞ்சம் வந்து போன சமயம். மாவும் இல்ல, அரிசியும் இல்ல. கீரையை அவிச்சு உப்புப் போட்டுத் தின்னுட்டுக் கொழுந்து எடுக்கப் போனோம். செடிக்கு நடுவுல நிக்கும்போதே கண்ணை இருட்டிக்கிட்டு வரும். அப்ப நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமே என் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுற அரிசி கடைக்காரன் கையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, எங்கயாவது ஒரு துண்டு மண்ணுல நானே விளைய வைக்கணும். சொந்த மண்ணுக்கு எங்க போறது? எங்களுக்கு அப்ப நாடே இருக்கா இல்லையான்னு தெரியாது. அவரோட கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிட்டாங்க, நாமளும் போயிருவோம்னு அவரும் அப்பப்ப ஆரம்பிப்பாரு. வயல் ஒண்ணு கிடைச்சா அந்தப் பேச்சு நிக்கும்னு எனக்கு ஒரு நப்பாசை.

எங்க தோட்டம் முடியுற இடத்துல சிங்கள ஊரு தொடங்கும். அங்க ஒரு சிங்கள அம்மா இருந்தாங்க, நோனான்னு கூப்பிடுவோம். புருஷன் செத்து, மகளைக் கட்டிக் கொடுத்து, ஆள் இல்லாம அஞ்சு தட்டு வயலைச் சும்மா போட்டு வச்சிருந்தாங்க. தட்டுன்னா மலைச் சரிவுல படி படியா வெட்டின வயல். மேல் தட்டு தோட்டத்து எல்லையை ஒட்டி இருக்கும், அஞ்சாவது தட்டுக்குக் கீழ அவங்க வீடும் குடிக்கிற கிணறும். நான் நேரா அவங்க வாசல்ல போய் நின்னு, என் அரைகுறைச் சிங்களத்துல கேட்டேன். விளையுறதுல பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்குன்னு சொன்னேன்.

"தேயிலைக்காரங்களுக்கு நெல்லு தெரியுமா?" அவங்க சிரிச்சாங்க.

"மண்ணைத் தெரியும் நோனா"ன்னேன். "மிச்சத்தைத் தெரிஞ்சுக்குவோம்."

அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ஒரு போகம் செஞ்சு பாருங்கன்னுட்டாங்க.

எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல உரம் போடுற ஆளுங்களுக்குத் தலைவர் மாதிரி. இடுப்புல வாளியைக் கட்டிக்கிட்டு, ஒரு செடிக்கு ஒரு பிடின்னு வீசிக்கிட்டே ஏறுவாரு. ஒரு மலையை முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா ஒரு செடிக்குக் கூடக் குறைஞ்சிருக்காது. காலையில பெரட்டுக் களத்துல வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளையே முதல்ல அவரைத்தான் தேடுவாரு. அதுல அவருக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான், இல்லேன்னு ஏன் சொல்லணும்.

நாத்து நட்டு வேர் பிடிச்சதும், நோனா பேர்ல ஊர்ச் சங்கத்துல கொடுத்த யூரியா மூட்டை வந்துச்சு. தாராளமாவே கொடுத்தாங்க, மலிவா வந்த காலம் அது. வயல்ல கணுக்கால் அளவுக்குத் தண்ணி நின்னுச்சு. இவரு அதே வாளியைக் கட்டிக்கிட்டு இறங்கினாரு. பத்து நாள் கழிச்சு மறுபடி ஒரு சுத்து. அதுக்கப்புறம் இன்னொண்ணு. பயிரு கருகருன்னு வந்துச்சு. பச்சைன்னு கூடச் சொல்ல முடியாது, அவ்வளவு கறுப்பு. ஞாயித்துக்கிழமை லயத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து வரப்புல நிக்க வச்சுக் காட்டினோம். எல்லாரும் தேயிலை பார்த்த கண்ணு. இலை கறுத்து மினுங்கினா அதுதான் எங்களுக்கு விளைச்சல். "என்னா வளம், என்னா வளம்"னு அவங்க சொல்லச் சொல்ல எனக்குத் தலை கால் புரியல.

ஊர்க்காரங்க ரெண்டு பேரு அந்தப் பக்கமா போனவங்க நின்னு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனாங்க. பொறாமைன்னு நெனைச்சேன். அவ்வளவு அறிவு எனக்கு.

தேயிலைக்கு இலையைப் பறிச்சுக் கூடையில போட்டா வேலை முடிஞ்சுச்சு. நெல்லுல இலையைத் தின்ன முடியாதுன்னு எங்களுக்கு உறைக்கவே இல்ல. சோறு திங்கிற வாய்தான், ஆனா பயிரைப் பார்க்கும்போது கொழுந்து எடுக்கிற புத்திதான் முன்னால வந்து நின்னுச்சு. கதிர் வர்ற நேரத்துல இலையில கருகல் புள்ளி விழுந்துச்சு. மார்கழி மழையோட ஒரு காத்து வந்துச்சு, அஞ்சு தட்டும் பாய் விரிச்ச மாதிரி படுத்துருச்சு. தண்டு உசரமா வளர்ந்திருந்ததே தவிர அதுல பலமே இல்ல. அறுத்து அடிச்சா பாதிக்கு மேல பதர். நோனாவுக்குப் பாதியை அளந்து கொடுத்தப்ப நான் அவங்க மூஞ்சியைப் பார்க்கல.

நெல்லு போனதைக் கூட அவங்க பெருசா எடுத்துக்கல. கிணத்தைக் காட்டினாங்க. ஆழமில்லாத, வாய் அகலமான கிணறு. வயல் ஓரமா இறங்குற வாய்க்கால் அதை ஒட்டித்தான் போகும், மழைக்கு வழிஞ்சு உள்ளயும் இறங்கும். தண்ணி மேல பச்சையா ஏடு கட்டி நின்னுச்சு. ஓரத்துல பாசி, தலைமுடி மாதிரி நீளமா. அவங்க மகள் கைக்குழந்தையோட வந்து தங்கியிருந்தா. இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்கன்னு மருத்துவிச்சி சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். நோனாதான் அரை மைல் நடந்து குடத்துல தண்ணி தூக்கிட்டு வந்துகிட்டு இருந்தாங்க.

"நங்கி," என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாங்க, "இன்னும் ஒரு போகம் தர்றேன். நெல்லு குறைஞ்சாப் பரவாயில்ல. திரும்ப என் தண்ணி பச்சையாச்சுன்னா வயல் உங்களுக்கு இல்ல."

வீட்டுக்கு வர்ற வழியில அவரு கப்பல் பேச்சை எடுத்தாரு. "போறதுன்னா நீங்க மட்டும் போங்க"ன்னு சொன்னேன். 

அடுத்த பெரும்போகம் தொடங்கும்போது விவசாய உத்தியோகத்தர் ஒருத்தரு மோட்டார் சைக்கிள்ல ஊருக்கு வந்தாரு. நோனாகிட்டதான் பேசினாரு, நாங்க ரெண்டு பேரும் சேத்துல நின்னதால எங்களைக் கூலின்னு நெனைச்சிருப்பாரு. நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். தண்ணி நிக்கிற வயல்ல யூரியாவை வீசினா பாதி தண்ணியோட ஓடிரும், மீதியில கொஞ்சம் காத்துல போயிரும்னாரு. தண்ணியை வடிச்சுட்டு, ஈரச் சேத்துல போட்டு, கையால சேத்தோட சேர்த்து விடணும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தண்ணி கட்டணும். ஒரே அடியாக் கொட்டாம மூணு தடவையாப் பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். வரப்புல தண்ணி வெளிய போற வாய், அதை அங்க வக்கடைன்னு சொல்லுவாங்க, அதை உரம் போட்டதும் அடைச்சு வைக்கணும். பயிரு இளம் பச்சையா இருந்தாப் போதும், கறுக்க வேண்டியதில்ல. இவ்வளவையும் சொல்லிட்டு அவரு தேத்தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாரு.

நான் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். மூட்டையை லயத்துக்குத் தூக்கிட்டு வந்து என் கட்டிலுக்குக் கீழ வச்சேன். கீழ் ரெண்டு தட்டுக்கு முதல் தடவை வேணும்கிறதை மட்டும் ஒரு பையில பிரிச்சு எடுத்துட்டு மூட்டையை நானே தைச்சேன். என்னைக் கேட்காம யாரும் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டேன். யாரும்னா யாரு, அவருதான்.

நட்டதும் தண்ணியை வடிச்சோம். மேல் மூணு தட்டுக்கும் கொஞ்ச நாள் பொறுத்துப் போடலாம்னு விட்டுட்டு, கீழ் ரெண்டு தட்டுல மட்டும் சேத்துல போட்டுப் பிசைஞ்சோம். வக்கடையை மண்ணு வச்சு அடைச்சேன். பயிரு வெளிறின பச்சையா நின்னுச்சு. அவரால அதைப் பார்க்கவே முடியல. வயலுக்கு வந்தா வரப்புல குந்திக்கிட்டு, "பிள்ளையைப் பட்டினி போட்டு வளர்க்கிறியே"ன்னு புலம்புவாரு. லயத்துலயும் பேச்சு ஓடுச்சு. "உரத்தைக் கட்டிலுக்குக் கீழ வச்சுக்கிட்டு வயலைக் காயப் போடுறா"ன்னாங்க. சொல்றவங்க சொல்லட்டும்னு விட்டேன்.

நாலு நாள் விடாம மழை. மழை விட்ட அன்னிக்கு வயலுக்குப் போனா எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. மேல் தட்டு கறுத்து நின்னுச்சு. ஒரு பிடி உரம் கூட நான் போடாத மேல் தட்டு. வேலி ஓரத்து வாய்க்கால்ல பாசி துளிர்த்திருந்துச்சு. கிணத்து மேல லேசா ஒரு பச்சை.

நான் நேரா வீட்டுக்கு வந்து அவரைப் பிடிச்சேன். "எனக்குத் தெரியாம எப்ப போட்டீங்க?"

"நான் போடல."

"பின்ன நெல்லு தானாக் கறுத்துச்சா? என்னை ஏமாத்தினது பத்தாதுன்னு அந்தப் பச்சைப் பிள்ளை குடிக்கிற தண்ணியையும் கெடுத்துட்டீங்களே. உங்க கைக்கு அரிப்பா?"

இன்னும் என்னென்னமோ சொன்னேன். பக்கத்து வீட்டுக் காம்பராவுல பேச்சுச் சத்தம் நின்னு போச்சு, எல்லாரும் காதைக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு கோபப்படல. கட்டிலுக்குக் கீழ இருந்து மூட்டையை இழுத்து என் முன்னால வச்சாரு. நான் தைச்ச நூலு தைச்சபடியே இருந்துச்சு. நான் மூட்டையைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழ தள்ளி வச்சேன். ஆனா மன்னிப்புக் கேட்கல, அந்தப் பழக்கம் எனக்கு இல்ல.

மறுநாள் ஞாயிறு. நான் தனியாக் கிளம்பினேன். மேல் தட்டுக்குத் தண்ணி வர்றது தோட்டத்துக் கான்ல இருந்துதான். தேயிலைக்கு நடுவுல மழைத் தண்ணி ஓட வெட்டி வச்ச வடிகால், அதைத்தான் கான்னு சொல்லுவோம். அதுல பாதி மேல் தட்டுல விழும், மீதி வேலி ஓரத்து வாய்க்காலா நேராக் கிணத்துப் பக்கம் இறங்கும். நான் அந்தக் கானைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறினேன். மண்ணு தங்குறதுக்கு வெட்டின குழி ஒவ்வொண்ணுலயும் எட்டிப் பார்த்தேன். முதல் குழியில பாசி. ரெண்டாவதுல, மூணாவதுல, எல்லாத்துலயும் பாசி. பழைய தேயிலை மலை முடிஞ்சு புதுசா நட்ட மலை தொடங்குற இடத்தைத் தாண்டினேன், அடுத்த குழியில தண்ணி தெளிவா, அடியில கல்லு தெரிஞ்சுச்சு.

மேலயும் கீழயும் ரெண்டு மூணு தடவை நடந்து பார்த்தேன். எங்க பாசி தொடங்குச்சோ, அங்கதான் போன வாரம் உரம் போட்டு நிறுத்தியிருந்தாங்க. கான் ஓரத்துச் செடிக்கு அடியில சருகு மேல உரம் கட்டி கட்டியா இன்னும் கிடந்துச்சு. போட்ட மறுநாளே மழை தொடங்கியிருக்கு. போட்டது எங்க வீட்டுக்காரரு. ஒரு செடிக்கும் குறையாத அதே பிடி.

அந்த இடத்துலயே உக்காந்துட்டேன். அழுகை வந்துச்சு, அழுதேன். முதல் போகத்துல கிணறு கெட்டதுக்கும் எங்க யூரியா மட்டும் காரணம் இல்ல. நாங்க வயல்ல என்னதான் குறைச்சாலும் மேல இருந்து வந்துகிட்டே இருக்கும். வயல் போறது போறதுதான்னு தோணுச்சு. அப்புறம் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சேன். இந்த வயலை விடப் போறதில்ல.

வீட்டுக்கு வந்து அவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். அடக்கமாத்தான் சொன்னேன். அவரு மூஞ்சி செத்துப் போச்சு. "இருவது வருஷமா போடுறேன். என் வேலையில ஒருத்தரு குறை சொன்னது கிடையாது"ன்னாரு. "குறை சொல்லல, வந்து பாருங்கன்னு சொல்றேன்." வரமாட்டேன்னுட்டாரு. ரெண்டு நாள் சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. மூணாவது நாள் வேலை விட்டு வந்தவரு காலெல்லாம் கான் சேறு. அவரும் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்காரு. "மம்பட்டியை எடு"ன்னாரு, அவ்வளவுதான்.

நான் அதுக்குள்ள ஒரு யோசனை வச்சிருந்தேன். மேல இருந்து வர்றதை நம்மால நிறுத்த முடியாது. அது கிணத்துக்குப் போறதுக்கு முந்தி நெல்லு அதைத் தின்னுறட்டும். வேலி ஓரத்து வாய்க்காலை மேலயே அடைச்சு, கான் தண்ணி மொத்தத்தையும் முதல் தட்டுக்குத் திருப்பினோம். அங்க இருந்து ரெண்டாவது தட்டுக்குப் போற வாயை மறு மூலையில வெட்டினோம், அடுத்ததை இந்த மூலையில. தண்ணி ஒவ்வொரு தட்டையும் குறுக்க நடந்து நடந்துதான் இறங்கணும். மேல் மூணு தட்டுக்கும் மூட்டையில இருந்து ஒரு பிடி கூடக் கிடையாது, மலையில இருந்து வர்றதே போதும். கீழ் ரெண்டுக்கும் மட்டும் இலை வெளிறினாப் பார்த்துக் கொஞ்சம். பயிரு வயித்துல கதிர் கட்டுற சமயத்துல ஒரு தடவை போட்டதோட சரி. அரை மூட்டைக்கு மேல மிஞ்சிப் போச்சு.

அவரு இன்னொண்ணும் செஞ்சாரு. கான் ஓரத்துச் செடிக்கு உரத்தை மேல் பக்கமா வேருகிட்ட ஒதுக்கிப் போடணும்னு தன் கூட்டத்துக்குச் சொன்னாரு. வானம் மூடின நாள்ல கணக்கப்பிள்ளைகிட்டப் போய், இன்னிக்குப் போட்டா ஆத்துக்குத்தான் போகும், நாளைக்குப் போடுறோம்னு கேட்டாரு. கணக்கப்பிள்ளை ரெண்டு தடவை திட்டி அனுப்பினாராம். மூணாவது தடவை அவங்களைப் புல்லு வெட்ட அனுப்பிட்டாரு. வீட்ல வந்து இதையெல்லாம் பெருசா சொல்லிக்கல. கூட வேலை செய்ற பொம்பளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கதிர் பால் பிடிக்கிற நேரத்துல ஒரு பகல் மழை பிடிச்சுச்சு பாருங்க, மலையே கரைஞ்சு வர்ற மாதிரி. நான் கொழுந்து மலையில இருந்தேன். கான் தண்ணி மொத்தத்தையும் முதல் தட்டுக்குத் திருப்பி வச்சிருக்கோம், வரப்பு தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அது உடைஞ்சா அஞ்சு தட்டும் சேறாகி, அத்தனையும் கிணத்துல போய் விழும். கூடையை அப்படியே இறக்கி வச்சுட்டு ஓடினேன். கங்காணி பின்னால இருந்து கத்தினாரு, அரைப்பேருதான், அரை நாள் கூலிதான் போடுவேன்னு. போட்டுக்கங்கன்னு ஓடிக்கிட்டே சொன்னேன்.

நான் போகும்போது அவரு அங்க நிக்கிறாரு. எனக்கு முந்தி வந்துட்டாரு. வாழைத் தண்டை வெட்டிக் குறுக்க போட்டு, அது மேல மண்ணை அள்ளி மிதிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு மூலையில மண்ணு கரைஞ்சு உள்வாங்கிடுச்சு, நான் அதுல போய் முதுகைக் கொடுத்து உக்காந்துட்டேன். என் பின்னால அவரு மண்ணைப் போட்டுப் போட்டு அடைச்சாரு. எவ்வளவு நேரம்னு தெரியாது. குளிர்ல எனக்குத் தாடை அடிச்சுக்குச்சு. "எந்திரி, நின்னுருச்சு"ன்னு அவரு சொன்னப்ப, "நீங்க ஒழுங்கா அடைச்சிருந்தாத்தான் எந்திரிப்பேன்"னேன். அவரு சிரிச்சாரு. அந்த ரெண்டு வருஷத்துல அவரு சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

பயிரு சாயல. முதல் போகத்தை விடக் குட்டை, நிறமும் சுமார். லயத்துல இருந்து வந்து யாரும் என்னா வளம்னு சொல்லல. ஆனா கதிர் முத்தி, தலை குனிஞ்சு, கையில எடுத்தா கனமா இருந்துச்சு. அறுத்து அடிச்சுத் தூத்தினப்ப பதர் கொஞ்சம்தான் பறந்துச்சு. குவிஞ்ச நெல்லுல ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பஞ்ச காலத்துல கீரை அவிச்ச சட்டி ஞாபகம் வந்துச்சு.

நோனா மகளோட களத்துக்கு வந்தாங்க. பேரப்பிள்ளை இடுப்புல. கிணறு தெளிஞ்சு ரெண்டு மாசமாச்சு, வீட்டுச் செலவுக்கு எல்லாம் அதுலதான் மொள்றோம்னாங்க. குவியலைச் சுத்தி வந்து பார்த்துட்டு, என் தோளைத் தொட்டு, "யூரியாவைக் குறைச்சு என் தண்ணியைக் காப்பாத்திட்டீங்க"ன்னாங்க. இன்னும் அடுத்த போகம் யாருக்குன்னு சொல்லல. அதைச் சொல்லிட்டாப் போதும்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்ப பார்த்து இந்த மனுஷன் வாயைத் திறந்தாரு. வருஷம் பூரா நாலு வார்த்தை பேசாதவரு, உடைஞ்ச சிங்களத்துல ஆரம்பிச்சாரு. "நோனா, வயல்ல போட்ட யூரியா மட்டும் இல்ல. மேல தேயிலைக்குப் போடுற உரமும் கான் வழியா உங்க கிணத்துக்குத்தான் வருது. அதைப் போடுறவன் நான். இருவது வருஷமா போடுறேன். இனியும் போடச் சொன்னாப் போடணும்."

எனக்கு அவரு கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்துச்சு. கையில வந்த வயலை இப்படியா தூக்கி எறியுறது? மகள் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நோனா மலையைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, அடுக்கி வச்ச வைக்கோலைப் பார்த்தாங்க. நான் மனசுக்குள்ள கப்பல்ல ஏறிட்டேன்.

"அப்படின்னா இந்த வயலை வேற யாருக்கும் கொடுக்க முடியாது"ன்னாங்க. "மேல போடுற கையும் கீழ தடுக்கிற கையும் ஒரே வீட்ல இருந்தாத்தான் எங்க பிள்ளை தண்ணி குடிக்கும்."

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.  பாதி நெல்லை அளந்து முடிக்கிற வரைக்கும் நான் வாயே திறக்கல, அதை இன்னிக்கும் அவரு சொல்லிக் காட்டுவாரு.